நான்கு பட்டங்கள்

...எழுத்துப்பிழை என்றா சொன்னார், பெட்டி என்ற சொல்லையா, இப்படி நினைப்பதற்கு அவர் என்னை மன்னிக்க வேண்டும், கலாநிதி சிறிதரன் கற்றவர், தமிழ் மன்றத்து மலரின் ஆசிரியர், தமிழ்த் தட்டச்சு இல்லாத சிட்னியில் பக்கம் பக்கமாகப் பிரதியெடுக்கும் ஸ்டென்சில் தாளில் தம் கையாலேயே எழுதியவர், ஆயினும் என் முதற்கட்டுரையை வெட்ட அவருக்கு உரிமை தந்தது யார்... நான் எழுதியது இதுதான்: 1894இல் ஸ்ரான்வெல் பார்க் கடற்கரையில், பறக்கும் பொறி செய்ய முயன்ற லோரன்ஸ் ஹார்கிரேவ் நான்கு பெட்டிப்பட்டங்களின் துணையால் பதினாறடி உயர்ந்தார். கடற்காற்று, கயிறு, தொங்கிய இருக்கை, யாவும் இடமில்லையென்று போய்விட, மலரில் எஞ்சியிருப்பது, நான்கு பட்டங்களின் துணையால் உயர்ந்தார்! சற்றுமுன் வாசலில் மிகப் பணிவாகத்தான் கேட்டேன். "பெட்டி எண்டு எழுத்துப்பிழையாக் கிடந்தது தங்கச்சி, பட்டத்தைப் பெட்டிக்கை வைச்சுப் பூட்டுறதோ? எடுத்துப்போட்டன்" என்று சிரித்தார். கொழும்பில் வளர்ந்தவர் கடற்கரையில் ஒரு நாளாவது பட்டம் ஏற்றியிருக்கமாட்டாரா? அதற்கு நான் சொன்ன மறுமொழி... நன்றி அண்ணை. நன்றியாம்! எதற்கு நன்றி?

இதோ, மலர் வெளியீட்டு விழாவில் ஹோம்புஷ் மண்டபத்து மேடையில் அவர் முழங்குகிறார், "நாலு டிகிரி எடுத்த மனுசன்! எங்கட பிள்ளையளும் அப்பிடிப் படிக்கவேணும்", கைதட்டல் வேறு. ஐயா, அம்மனிதர் மெட்ரிகுலேஷன் பரீட்சையிலேயே தேறாதவர், அதையும் எழுதியிருந்தேனே, அவ்வரியை எங்கே போட்டீர்கள்? திருமணத்துக்காகப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவள் நான், பட்டமில்லாத ஒருவரைக் காற்று தூக்கியது என்பதனால் அல்லவா அவரைத் தேர்ந்தேன், அதை எவரிடமும் சொல்லவில்லை, சொல்லாமலே விளங்கும் என்று நம்பினேன்... அடுத்து என்னை மேடைக்கு அழைப்பார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், ஒலிவாங்கி என் முன்னால் இருக்கும், ஒரே வசனம் போதும், அன்பர்களே, அது வானத்துப் பட்டம், மூன்று தடவை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன், இம்முறை நன்றி சொல்லமாட்டேன், சொல்லவே மாட்டேன்.

"சத்தியபாமா விக்னராஜா" என்று அழைக்கிறார்கள். என் கணவர் பெருமை பொங்கக் காதருகே குனிகிறார். "அந்த மனுசனுக்கு நாலு பட்டமாமே! ஒண்டை எடுக்கவே எனக்கு இடுப்பு முறிஞ்சுது. நீர் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே?" சொல்லவில்லையா... அனுப்புமுன் கையெழுத்துப் பிரதியை இவரிடம்தானே கொடுத்தேன், தேநீரோடு கதிரையில் சாய்ந்து தாள்களைப் புரட்டி, அருமை, ஒண்டும் மாத்தாதையும் என்றாரே... எழுந்து நிற்கிறேன், கைதட்டுகிறார்கள், எல்லோரையும் விட உரக்க இவர்தான் தட்டுகிறார், அந்த வசனம் நாக்கில் ஆயத்தமாக இருக்கிறது, ஆனால் அதை மேடையில் ஏறிச் சொல்வதா, இவர் அமர்ந்திருக்கும் இந்தக் கதிரையைப் பார்த்துச் சொல்வதா...