ஒரே மேஜையில் இரண்டு மக்ரிப்

டெக்சாஸ் மாநிலத்தின் அமெரிக்கக் காங்கிரஸ் தொகுதிகளுக்கான புது வரைபடம் சட்டமான நாளிலிருந்து, ஃபிரிஸ்கோவில் லத்தீஃபாவின் சாப்பாட்டு மேஜையின் கிழக்குப் பாதியில் சூரியன் மேற்குப் பாதியைவிடக் கால் மணி நேரம் முன்னதாக மறையத் தொடங்கியது. அது ஆகஸ்ட் மாதம். அந்த வாரம் முட்டை விலை கொஞ்சம் இறங்கியிருந்தது, டோல்வேயில் ஒரு லேனை மூடியிருந்தார்கள், வெயில் நூறு டிகிரிக்குக் கீழே வரவில்லை. அவளும் கணவர் நஜ்முதீனும் இருந்தது குடியிருப்பின் கடைசி வீட்டில். அதற்குக் கிழக்கே ஒரு ஓடையும் இன்னும் மனை பிரிக்காத புல்வெளியும்தான். தொகுதி எல்லை ஓடையோரமாகவே வந்து, இந்த வீட்டருகில் மட்டும் வளைந்து, பின்சுவர் வழியாக உள்ளே நுழைந்து, சோஃபாவை இரண்டாக்கி, மேஜையின் நடுவே ஓடி, சமையலறையில் அடுப்பை ஒரு பக்கமும் சிங்க்கை மறுபக்கமும் ஒதுக்கிவிட்டு, முன்வாசல் வழியாக வெளியேறி மறுபடி ஓடையோரம் போய்ச் சேர்ந்தது. கோடு கண்ணுக்குத் தெரியாது. காலுக்குத் தெரியும். மேற்கே தரை சுடும், கிழக்கே ஈரமாக இருக்கும். கிழக்குப் பாதி போய்ச் சேர்ந்த தொகுதி மிக நீளமானது. அதன் மறுமுனை காரில் நான்கு மணி நேரம் தள்ளி, லூசியானா எல்லையோரப் பைன் காடுகளில் இருந்தது. தொகுதி ஒன்றானதால் வானமும் ஒன்றாகிவிட்டது. அங்கே மழை பெய்தால் வீட்டின் கிழக்குக் கூரையில் மட்டும் மழை பெய்தது. அங்கே விடிந்தால் லத்தீஃபாவின் படுக்கையறையில் விடிந்தது. ஒரு பக்கத்துப் புல் மட்டும் விதியை மீறி வளர்கிறது என்று குடியிருப்பு அசோசியேஷன் இரண்டு முறை நோட்டீஸ் அனுப்பியது.

இலையுதிர் காலத்தில் கவுண்டி நிர்வாகத்தின் தேர்தல் அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தார். பூப்போட்ட சட்டையும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையுமாக மேஜையின் முனையில் உட்கார்ந்து, லத்தீஃபா கொடுத்த டீயை நன்றாக இருப்பதாகச் சொல்லிக் குடித்துவிட்டு, இருவரும் எந்தத் தொகுதியில் சேர்வார்கள் என்பதைத் தீர்க்க ஒரே ஒரு கேள்விதான் என்றார். இரவில் தலையை எங்கே வைக்கிறீர்கள்? நஜ்முதீன் முந்திக்கொண்டு, "வி ஆர் மேரீட்" என்றார். "அதை நான் கேட்கவில்லையே, சார்" என்றார் அந்தப் பெண்மணி, கொஞ்சமும் கடுமை இல்லாமல். கிழக்குக் கூரையில் தூறல் விழத் தொடங்கியது. கடைசியில் லத்தீஃபாதான் ஜாடையாகக் காட்டினாள். தனக்குக் கிழக்கே படுக்கையறை, அவருக்கு மேற்கே ஸ்டடி ரூம். லாக்டவுன் வருஷத்தில், சென்னை டீமோடு ராத்திரி மீட்டிங் இருக்கிறது, இந்த ஒரு ரிலீஸ் முடியட்டும் என்று தலையணையை எடுத்துக்கொண்டு போனவர் அவர். ரிலீஸ் முடிந்தது. அடுத்தது வந்தது. தலையணை அங்கேயே இருந்துவிட்டது. சண்டை எதுவும் இல்லை. சண்டை நடந்திருந்தால் சமாதானம் என்று ஒன்று வந்திருக்கும் என்று அவள் சில சமயம் நினைத்ததுண்டு. சான்டா கிளாராவில் வேலை பார்க்கும் மகள் ஃபைஹாவுக்குக்கூட இது தெரியாது. அவள் வீட்டுக்கு வரும் நாட்களில் நஜ்முதீன் தலையணையை அலமாரிக்குள் வைத்துவிடுவார்.

கிளம்புகிறபோது அந்தப் பெண்மணி கோடு ஏன் இப்படி வளைந்தது என்பதையும் விளக்கினார். எல்லாத் தொகுதியிலும் தலைக்கணக்கு ஒன்றாக இருக்க வேண்டும், ஓர் ஆள்கூடக் கூடவோ குறையவோ கூடாது. நீளமான தொகுதிக்கு ஓர் ஆள் குறைந்தது. ஆகவே உங்களை எடுத்துக்கொண்டார்கள் என்றார் லத்தீஃபாவைப் பார்த்து. அவர் போன பிறகு லத்தீஃபா டீக்கோப்பையைக் கழுவிக்கொண்டே வெகுநேரம் நின்றாள். தாங்கள் தனித்தனியாகத் தூங்குவது தலைநகரத்தில் ஏதோ ஒரு கணினிக்குத் தெரிந்திருக்கிறது என்பது முதலில் உடம்பைக் கூசச் செய்தது. பிறகு, யாரிடமும் சொல்ல முடியாதபடி, அதற்குள்ளேயே ஒரு சின்ன சந்தோஷமும் இருந்தது. எங்கோ ஓர் ஆள் குறைந்து, தேடி, தன்னிடம் வந்து நின்றிருக்கிறார்கள்.

குளிர்காலத்தில் வாக்காளர் அட்டைகள் வந்தன, அவருக்கு ஒரு தொகுதி, அவளுக்கு ஒன்று. டெக்சாஸ் வருவதற்கு முன்னால், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் குடியுரிமை வாங்கிய காலத்திலிருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் நஜ்முதீன் நன்றாகப் படித்துப் பார்த்து, யாருக்குப் போட வேண்டும் என்று வாட்ஸப்பில் பெயர்களை அனுப்புவார். லத்தீஃபா போனைப் பார்த்துப் பார்த்துப் போட்டுவிட்டு வருவாள். அவர் சொன்னது தப்பாக இருந்ததில்லை என்றுதான் நினைத்தாள். தப்பா சரியா என்று யோசித்துப் பார்க்கும்படி எதுவும் வந்ததில்லை. இந்த முறை காங்கிரஸ் தொகுதிக்கு அவர் முதலில் அனுப்பிய பெயர் அவளுடைய வாக்குச்சீட்டில் இல்லை.

பிப்ரவரி ஆரம்பத்தில் ஒரு பிற்பகல், படுக்கையறையின் கண்ணாடிக் கதவை யாரோ தட்டினார்கள். வெளியே அறுபதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்கார அம்மாள், பூட்ஸ் நிறையச் செம்மண்ணோடு நின்றார். பெயர் லொரெட்டா, பைன் காட்டுப் பக்கம் கோழிப்பண்ணை. கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியில் மூன்றாவது தடவையாக நிற்கிறாராம். காலையில் கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு ஓட்டுக் கேட்டு நடக்க ஆரம்பித்து, ஒரு வேலியைத் தாண்டியதும் இந்தக் கதவு தெரிந்ததாம். "தொகுதி ரொம்ப நீளம்னு சொன்னாங்க. இவ்வளவு பக்கம்னு யாரும் சொல்லல" என்றார். இங்கே வாக்காளர் யார் என்று கேட்டார். லத்தீஃபா வழக்கம்போல ஸ்டடி ரூம் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு "நான்தான்" என்றாள். சொன்ன பிறகு அந்த அறை கொஞ்சம் பெரிதானது போல இருந்தது. லொரெட்டா வரி, எல்லை, துப்பாக்கி எதைப் பற்றியும் பேசவில்லை.

"நல்லா தூங்குறீங்களா?" என்று கேட்டார்.

லத்தீஃபாவுக்குப் புரியவில்லை. எல்லோரையும் இதைத்தான் கேட்கிறேன் என்றார் லொரெட்டா. நன்றாகத் தூங்குகிறவர்களுக்கு யார் ஜெயித்தாலும் ஒன்றுதான், தூங்காதவர்களுக்குத்தான் ஏதோ வேண்டியிருக்கிறது. லத்தீஃபா கதவுப் பிடியைப் பார்த்தாள். அந்தப் பிடியில் விரல் ரேகை இருந்தது, துடைக்க வேண்டும் என்று நினைத்தாள். அப்புறம் "இல்லை" என்றாள். லொரெட்டா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. தெரிந்த விஷயம்போல் தலையை ஆட்டிவிட்டு, வந்த வழியே வேலியைத் தாண்டிப் போனார். கதவருகே செம்மண் தடம் கிடந்தது. லத்தீஃபா அதைக் கழுவவில்லை.

அந்த மாதத்திலேயே நோன்பு பிறந்தது. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வருஷம் முழுக்க அவரவர் பசிக்கு அவரவர் சாப்பிடும் அந்த வீட்டில், இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது நோன்பு மாதத்து அந்திப்பொழுதில் மட்டும்தான். அந்த ஒரு மாதத்தை நம்பித்தான் லத்தீஃபா மற்றப் பதினொரு மாதங்களையும் கடத்தி வந்தாள். முதல் நாள் கஞ்சி, வடை, பேரீச்சம்பழம் எல்லாம் வைத்து, அவள் எப்போதும்போல் கிழக்கு நாற்காலியில் உட்கார்ந்தாள், அவர் மேற்கு நாற்காலியில். அவள் பக்கம் இருந்த போனில் பாங்கு சொன்னது. ஜன்னலில் அவள் பக்கம் இருட்டிவிட்டது. அவருடைய தட்டில் வெயில் இருந்தது.

"நீ திற. லேட் பண்ணக் கூடாது" என்றார் நஜ்முதீன்.

"நீங்க?"

"எனக்கு இன்னும் சூரியன் இருக்கே."

அவள் தனியாக நோன்பு திறந்தாள். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தொழுதுவிட்டு வந்தபோது அவர் கஞ்சியைக் குடித்துவிட்டுத் தொழப் போயிருந்தார். மறுநாளும் அப்படியே. பள்ளிவாசல் இமாமிடம் கேட்டார்கள். ஆள் எங்கே இருக்கிறாரோ அந்த இடத்துச் சூரியன்தான் கணக்கு என்று சொல்லிவிட்டார், அவருக்குப் பெருநாள் எந்த நாள் என்ற தலைவலியே போதுமானதாக இருந்தது. மூன்றாம் நாள் நஜ்முதீன் ஒரு வழி கண்டுபிடித்தார். "நாற்காலியத் தூக்கிட்டு இந்தப் பக்கம் வந்துரேன். கால் மணி நேரம்தானே எக்ஸ்ட்ரா. சிம்பிள்." அவள் எழுந்தேவிட்டாள். கை நாற்காலியைப் பிடித்தும்விட்டது. சென்னையில் பார்த்த பேங்க் வேலையை விட்டுவிட்டு வா, சிம்பிள் என்றதும், பழகிய ஈஸ்ட் பிரன்ஸ்விக்கை விட்டு டெக்சாஸ் போகலாம், சிம்பிள் என்றதும் இதே குரல்தான். ஒவ்வொரு முறையும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனவள் அவள். நாற்காலியைக் கீழே வைத்தாள்.

"எனக்கு இங்கதாங்க விடிஞ்சுது. இங்கயே முடிச்சுக்கிறேன்" என்றாள்.

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டார். அப்புறம் தினமும் அந்த மேஜையில் இரண்டு அந்தி, இரண்டு மக்ரிப் ஆனது. ஃபைஹா வீடியோ காலில் வரும்போது, முதல் கால் மணி நேரம் உம்மாவைக் காட்டிவிட்டுப் பிறகு வாப்பாவைக் காட்டுவார்கள். "ஆர் யூ கைஸ் ஓகே?" என்று அவள் கேட்பாள். நெட்வொர்க் சரியில்லை என்பார்கள்.

பிரைமரி மார்ச் ஆரம்பத்தில் வந்தது. முந்தின நாள் நஜ்முதீன் அவளுடைய தொகுதிக்காரர்களையும் படித்துப் பார்த்து ஒரு பெயரை வாட்ஸப்பில் அனுப்பினார். "அந்தக் கோழிப்பண்ணை அம்மா சத்தியமா வர மாட்டாங்க. ஓட்ட வேஸ்ட் பண்ணாத" என்று வேறு சொன்னார். ஒரே காரில் போய் ஒரே நூலகத்தில் வெவ்வேறு சீட்டுகளில் போட்டுவிட்டு வந்தார்கள். திரும்பும்போது பெட்ரோல் போட்டார்கள். லொரெட்டா மூன்றாவதாக வந்து தோற்றார். அதற்கப்புறம் அவர் அந்தக் கண்ணாடிக் கதவைத் தட்டவில்லை. லத்தீஃபா சில பிற்பகல்கள் கதவருகே துணி மடித்தாள். பைன் காட்டு மழையில் செம்மண் தடம் மெல்லக் கரைந்து போனது.

அந்த வாரக் கடைசியில் தொகுதி எல்லை வெட்டிய ஒவ்வொரு துண்டுக்கும் கவுண்டி தனித்தனியாக முடிவுகளை வெளியிட்டது. ஓடையோரத் துண்டில் லத்தீஃபாவைத் தவிர வாக்காளர் கிடையாது. நஜ்முதீன் எதையும் கடைசி வரி வரை பார்க்கிற ஆள். அன்று மாலை, அவளுக்கு நோன்பு திறந்தாகி அவருக்கு இன்னும் திறக்காத அந்த நேரத்தில் கேட்டார்.

"லொரெட்டாவுக்கா போட்ட?"

"அது சீக்ரெட்டுங்க."

"லத்தீ, அந்தத் துண்டுல மொத்தமே ஒரு ஓட்டு. இதுல என்ன சீக்ரெட்?"

அவள் கிண்ணத்துக் கஞ்சியைக் கரண்டியால் கலக்கினாள்.

"ஏன்? தோத்துருவாங்கன்னு சொன்னேன்ல."

"நல்லா தூங்குறீங்களான்னு கேட்டாங்க."

"அதுக்காகவா?"

"ஆமா."

அவர் பேரீச்சம்பழத்தைக் கையில் உருட்டினார். "நீ என்ன சொன்ன?"

"இல்லன்னேன்."

அவர் பக்கத்துப் போனில் பாங்கு சொல்லத் தொடங்கி, சொல்லி முடித்தது. நேரம் தவறாத மனிதர் அவர். பழம் கையிலேயே இருந்தது. தட்டிலிருந்து வெயில் போனதைக்கூட அவர் பார்க்கவில்லை.

மறுநாள் விடியலுக்கு முன்னால் சஹருக்கு அவள் சாப்பிட்டு முடித்து, தண்ணீரும் குடித்து, தன் பக்கத்தில் நோன்பு தொடங்கிய பிறகு, ஸ்டடி ரூம் கதவு திறந்தது. நஜ்முதீன் கலைந்த முடியோடு மேஜைக்கு வந்தார். மேற்கில் அவருடைய தட்டில் சோறு இருந்தது. அவருக்கு இன்னும் நேரமும் இருந்தது. தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நாற்காலியைத் தூக்கி, கோட்டைத் தாண்டி, அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "இங்க டைம் முடிஞ்சிருச்சுங்க" என்றாள் அவள். "தெரியும்" என்றார். அன்று ஒரு வாய் தண்ணீர்கூட இல்லாமல் நோன்பு பிடித்தார். மாலையில் தலைவலியோடு அவளுடைய மக்ரிபில், அவளோடு திறந்தார். பேச்சு ஒன்றும் பெரிதாக இல்லை. வடை கொஞ்சம் உப்பு என்றார்.

அடுத்த நாளிலிருந்து அலாரத்தை முன்னால் வைத்துக்கொண்டார். பெருநாள் கழிந்த பிறகு தலையணையும் கிழக்கே வந்தது, கூடவே ஹெட்செட்டும். மீட்டிங்குகள் நிற்கவில்லை. கிழக்குக் கூரையின் மழைச் சத்தம் கேட்டு, அங்கே மழையா சார் என்று சென்னை டீம் கேட்டால், "பாதி" என்பார். அவர் குறட்டை விட்டார். அவள் கண்விழித்துக் கிடந்து கேட்டாள். ஜூலையில் ஒருநாள், ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்காமலேயே, "இப்ப தூங்குறியா?" என்றார். "பரவால்ல" என்றாள். அது பாதி உண்மை. பூப்போட்ட சட்டைப் பெண்மணி மறுபடி வந்து அதே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனார். நவம்பர் தேர்தலில் அந்தத் துண்டில் இரண்டு ஓட்டுகள் விழுந்தன, ஆளுக்கொரு வேட்பாளருக்கு. தொகுதிக்கு ஓர் ஆள் கூடிப்போனதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

அடுத்த நோன்புக்கு ஃபைஹா வந்தாள். பெரிய மேஜையின் ஒரு முனையில் உம்மாவும் வாப்பாவும் முழங்கை இடிக்க உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "ஒய் ஆர் யூ கைஸ் ஸ்க்வீஸ்ட் இன் ஹியர்?" என்றாள்.

"அங்க இன்னும் பொழுது சாயலம்மா. இப்படி வந்து உக்காரு" என்றார் நஜ்முதீன், பேரீச்சம்பழத் தட்டை நகர்த்திக்கொண்டே.

அவள் ஜாக்கெட்டைக் கழற்றி மேற்கு நாற்காலியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பாங்கு சொன்னது. மூவரும் திறந்தார்கள். வெயில் இன்னும் கால் மணி நேரம் அந்த ஜாக்கெட்டின் மேல் இருந்தது.