குடத்துக்குள் பலராமன்

சமூக அறிவியல் படிக்க வந்தவர்களில் ஒருவருக்குக்கூடச் சமூகத்தின் மேலும் ஆசை கிடையாது, அறிவியலின் மேலும் ஆசை கிடையாது என்பது சரோஜாவின் முடிவான கருத்து. கணக்கு வராதவன், டாக்டர் சீட்டுக்கு மார்க் போதாதவள், ஹாஸ்டலில் சோறு கிடைக்கும் என்று வந்தவன் என வகுப்பு முழுவதும் கழித்துக் கட்டிய சரக்கு. பட்டமும் ஆசிரியர் பயிற்சியும் சேர்ந்த நாலு வருஷப் படிப்பு அது. மஞ்சளேறிய தாள்களைப் பார்த்துப் பேராசிரியர்கள் சொல்லச் சொல்ல இவர்கள் எழுதினார்கள். முகலாயப் பேரரசு வருஷா வருஷம் அதே எட்டுக் காரணங்களால் சரிந்தது. ஒன்பதாவதாக ஒன்று இருக்கலாமே என்று சொன்னவருக்கும் தோன்றவில்லை, எழுதியவர்களுக்கும் தோன்றவில்லை.

தானும் அதே சரக்குதான் என்பதை மட்டும் சரோஜா வசதியாக மறந்துவிடுவாள்.

நாலாவது வருஷக் கடைசியில் செய்முறைத் தேர்வுக்கு ஒரகடம் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தை அவளுக்கு ஒதுக்கினார்கள். எட்டாம் வகுப்பு; சென்னையிலிருந்து வரும் தேர்வாளருக்கு முன்னால் ஒரே ஒரு பாடம். தேறினால் பட்டம், வேலை. தேறாவிட்டால் இன்னொரு வருஷம் குன்றத்தூரில் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து, அண்ணி தட்டில் போடுகிற சோற்றை அவள் முகத்தைப் பார்க்காமல் தின்ன வேண்டும். "படிச்ச பொண்ணு பாத்திரம் தேச்சா பட்டம் கரைஞ்சிடுமா?" என்பது அண்ணியின் தினசரிப் பாட்டு. அதைக் கேட்பதைவிடக் கல்லுடைக்கப் போகலாம்.

பாடம், குடவோலை முறை. சோழர் காலத்துத் தேர்தல். ஊரில் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, சின்னப் பிள்ளையை விட்டு ஓர் ஓலையை எடுக்கச் சொல்வார்கள். அந்தக் கல்வெட்டு இருக்கும் உத்திரமேரூர் அங்கிருந்து ஒரு பஸ் பயணம்தான். பிள்ளைகளை ஒரு நாள் கூட்டிப் போகலாமே என்று சரோஜா கேட்டபோது, அவளுக்கு வழிகாட்டியாகப் போட்டிருந்த நடேசன் வாத்தியார் சிரித்தார்.

"கல்லப் போய் இன்னாத்துக்கும்மா பாக்கணும்? புஸ்தகத்துல படம் கீதே."

நடேசன் வாத்தியாருக்குத் தனி முறை ஒன்று இருந்தது. தேர்வாளர் கேள்வி கேட்டால் எல்லோரும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. வலது கைகளில் ஒன்றைப் பார்த்து ஆசிரியர் எழுப்ப வேண்டியது. வகுப்பே அறிவுக்கடல் போலத் தெரியும். பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலனிப் பிள்ளைகளுக்கு நிரந்தரமாக இடது கைதான். தெரிகிறதா என்று அவர்களை யாரும் கேட்டதில்லை.

ஒத்திகை முடிந்ததும் அவர் சரோஜாவைத் தனியே அழைத்தார். "குடத்துல எல்லார் பேரையும் போடாதே. எவனாவது ஒரு முட்டாப் பையன் பேர் வந்துட்டா அவன் எழுந்து நின்னு பேந்தப் பேந்த முழிப்பான், உன் மார்க்கு பூடும். எல்லா ஓலையிலயும் பலராமன் பேர எழுது."

பலராமன் ரைஸ்மில்காரர் மகன். முன் பெஞ்சு, எண்ணெய் வழியும் தலை, எந்தக் கேள்விக்கும் புத்தகத்து வாக்கியம்.

"அப்புறம் எதுக்கு சார் தேர்தல்?"

"பாடத்துக்கும்மா."

அவரை எவ்வளவு கேவலமாக நினைக்க முடியுமோ அவ்வளவு கேவலமாக நினைத்துக்கொண்டே சரோஜா எல்லா நறுக்குகளிலும் 'பலராமன்' என்று எழுதினாள். வகுப்புக்கு முன்னால் உட்கார்ந்துதான் எழுதினாள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள்தானே.

ஓலை எடுக்கப் பின் பெஞ்சுக் கிளியம்மாளைப் பிடித்தார்கள். வகுப்பிலேயே குள்ளம். "எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூட வராது, நல்லதாப்போச்சு" என்றார் நடேசன். அவள் எடுத்துக் கொடுக்க, சரோஜா வாங்கிப் படிப்பதாக ஏற்பாடு.

தேர்வாளர் பேராசிரியர் இராமச்சந்திரன், இளநீர் குடித்த களைப்போடு வந்து நாற்காலியில் சாய்ந்தார். பாடம் ஓடியது. கைகள் பயிர் மாதிரி எழும்பின. உறுப்பினராக என்ன தகுதி என்று சரோஜா கேட்க, பலராமன் எழுந்து, சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒப்பித்தான். அந்த வகுப்பில் ஒருவனும் தேறமாட்டான், அவனையும் சேர்த்து. "இதுதான் நம் முன்னோர் கண்ட மக்களாட்சி" என்று சரோஜா முடித்தாள். அந்த வாக்கியம் வாயில் சோப்பு போலக் கரித்தது.

கிளியம்மாள் குடத்தில் கை விட்டு ஒன்றை எடுத்தாள். "பலராமன்!" என்று சரோஜா படித்தாள். கைதட்டல். பலராமன் மனப்பாடம் செய்திருந்த நன்றியுரையைக் கொட்டினான். பாடம் முடிந்தது.

அப்போதுதான் இராமச்சந்திரனுக்கு விழிப்பு வந்தது. "ஊர்ச் சபைக்கு ஒரே ஆளா? இன்னும் ரெண்டு மூணு எடுங்க. இந்தப் பாப்பாவே படிக்கட்டும்."

குடத்தில் மீதியிருந்த எல்லாமே பலராமன்தான். நடேசன் ஜன்னலுக்கு வெளியே புளியமரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

கிளியம்மாள் ஓலையை எடுத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கணீரென்று, "கிளியம்மாள்" என்றாள்.

பின் பெஞ்சிலிருந்து ஒரே ஒரு கைதட்டல் கேட்டது. பிறகு பெஞ்சு முழுவதும் தட்டியது.

"பெண்களுக்கும் இடம்! பேஷ்! அடுத்தது?"

"பாஞ்சாலி."

"அடுத்தது?"

"சின்னப்பையன்." மூன்றுமே பின் பெஞ்சுப் பெயர்கள்.

பலராமன் துள்ளி எழுந்தான். "சார், அதுல எல்லாமே என்னோட..."

"குந்துடா!" என்று நடேசன் சீறினார்.

"என்ன சொல்றான்?"

"இன்னொரு வாட்டி நன்றி சொல்லணுமாம் சார்" என்றாள் கிளியம்மாள்.

இராமச்சந்திரன் சிரித்தபடி கை நீட்டினார். "ஓலையைக் கொடு, எழுத்து எப்படியிருக்குன்னு பார்ப்போம். துணைக்கருவிக்குத் தனி மார்க் உண்டு."

கிளியம்மாள் கையிலிருந்த நறுக்குகளை நீளவாக்கில் கிழித்தாள். கிழித்ததை ஒடித்தாள். "எடுத்த ஓலைய உடனே கிழிச்சிடணும் சார். இல்லாங்காட்டி அதே பேரு மறுபடியும் குடத்துல பூந்துக்கும். டீச்சர் சொல்லிக்கீறாங்க."

அவர் சரோஜாவைப் பார்த்தார். "கல்வெட்டுல இருக்கா அது?"

அப்படி ஒரு வரி எந்தக் கல்வெட்டிலும் இல்லை. "இருக்கு சார்" என்றாள் சரோஜா.

ஆயுசெல்லாம் வரலாறு சொல்லிக்கொடுத்த மனிதர் கண்ணை மூடி ஒரு கணம் யோசித்தார். "ஆமா ஆமா. கடைசிப் பகுதியில வரும்" என்றார். பிறகு ஜெயித்தவர்களை முன் பெஞ்சில் உட்காரச் சொன்னார். பலராமனை நகர்த்தி மூவரும் உட்கார்ந்தார்கள். சரோஜாவிடம், "செயல்வழிக் கற்பித்தல்னா இதுதாம்மா. முதல் வகுப்பு போடறேன்" என்று சொல்லிவிட்டு டிபனுக்குக் கிளம்பினார். நடேசன் அவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

சரோஜா முன் பெஞ்சருகே போனாள். "உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியும் டீச்சர். சார்தான் இடது கையத் தூக்குன்னாரு."

"என்னைக் காப்பாத்தணும்னு ஏன் தோணுச்சு?"

கிளியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கோசரமா? இன்னா டீச்சர் நீங்க. பலராமன் பலராமன்னு அதையே எத்தினி வாட்டி படிக்கிறது? வாய் வலிக்காது?"

பாஞ்சாலி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கிளியம்மாளின் அந்தப் பார்வை சரோஜாவுக்குத் தெரிந்த பார்வை. பேராசிரியர்களையும் நடேசனையும் அவள் பார்த்தது அப்படித்தான். தன்மேல் விழும்போது அது இப்படிச் சுடும் என்று அவள் நினைத்ததில்லை.

"நாங்க இனிமே இங்கியே குந்திக்கலாமா டீச்சர்? எல்லாரும் பாக்கத்தானே ஜெயிச்சோம்" என்று கிளியம்மாள் கேட்டாள். இப்போது குரலில் கேலி இல்லை.

சரோஜா பதில் சொல்வதற்குள் வெற்றிலை மென்றபடி நடேசன் திரும்பி வந்தார். கையில் சரோஜாவின் மதிப்பீட்டுத் தாள். தேர்வாளர் கையெழுத்துப் போட்டிருந்தார். அதற்குக் கீழே வழிகாட்டி ஆசிரியர் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது.

"இன்னாடி, இங்கியே குந்திக்கினு கீறீங்க? நாடகம் முடிஞ்சிபோச்சு. எழுந்திருங்க."

மூவரும் எழுந்திருக்கவில்லை. கிளியம்மாள் சரோஜாவையே பார்த்தாள். நடேசன் பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, அவரும் சரோஜாவைப் பார்த்தார்.

"போய் உங்க இடத்துல உட்காருங்கம்மா" என்றாள் சரோஜா.

நடேசன் தாளை மேஜையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

கிளியம்மாள் துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "நாளைக்கு நீங்க வரமாட்டீங்க இல்ல டீச்சர்?"

"வரமாட்டேன்."

"சரி" என்றாள் அவள், ஒரு தொல்லை விட்டது என்பது போல. பின் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தாள்.