ஜோடித்த வீடு

எனக்குக் கோபம் வந்தால் யாரென்று பார்க்க மாட்டேன். அண்ணன் அதைப் பலமுறை அனுபவித்தவன். அதனால்தான் ஜோடனைக்காரியை வீட்டுக்குக் கூட்டிவரும் நாளில் நான் வேலைக்குப் போய்விட்டேனா என்று போன் செய்து கேட்டான். அன்று எனக்கு அரைநாள் விடுப்பு. வீட்டில்தான் இருந்தேன். இன்னும் கிளம்பவில்லையா என்று அசடு வழிந்தான்.

அந்தப் பெண்ணுக்கு அழகாக ஒரு பெயர் இருந்தது. நான் வைத்த பெயர் ஜோடனைக்காரி. விற்கப்போகிற வீட்டை வாங்க வருகிறவர்கள் கண்ணுக்கு எடுப்பாகத் தெரியும்படி அலங்கரித்துக் கொடுப்பது அவள் தொழில். ஒரு டேப், ஒரு நோட்டு, எதைப் பார்த்தாலும் சுளிக்கும் ஒரு மூக்கு. முன்னறைச் சுவரின் பச்சை நிறம் போக வேண்டும் என்றாள். மர அலமாரி இருட்டாக இருக்கிறது, அதுவும் போக வேண்டும். குடும்பப் படங்களைக் கழற்ற வேண்டும், வாங்குகிறவர்கள் தங்களை அந்த வீட்டில் நினைத்துப் பார்க்க வேண்டுமாம், நம் மூஞ்சிகள் அதற்கு இடைஞ்சலாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நான் முணுமுணுத்தேன். அண்ணன் காதில் விழாத மாதிரி அவளுக்குத் தலையாட்டிக்கொண்டே நடந்தான்.

வீடு அம்மா பெயரில் இருக்கிறது. அண்ணன் குடும்பத்தோடு வெளிநாடு போகிறான், பங்கு வேண்டும். எனக்கோ அச்சகத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போய் வந்து இடுப்பு ஒடிந்துவிட்டது. அச்சகத்துக்குப் பின்னாலேயே மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு ஒன்று பார்த்து வைத்திருந்தேன். அம்மாவை அங்கே கூட்டிப்போவதாக ஏற்பாடு. ஆகவே நான் ஒன்றும் யோக்கியமில்லை. விற்கலாம் என்று முதலில் சொன்னவளே நான்தான். அம்மா, "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டாள்.

அம்மாவுக்கு முப்பத்திரண்டு வயதில் கண் பார்வை போனது. நரம்பில் ஏதோ நோய். எனக்கு அப்போது ஆறு வயது. அப்பா இருந்தவரை ஒத்தாசை செய்தார், ஆனால் அவளுக்கு ஒத்தாசை பிடிக்காது. மருத்துவமனை ஒன்றில் தொலைபேசி இணைப்புப் பலகையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றாள். தெருவில்தான் கோல். வாசலுக்குள் கால் வைத்தால் கோலை மூலையில் சாய்த்துவிட்டு விறுவிறுவென்று நடப்பாள். வாசலிலிருந்து ஆறு எட்டில் அலமாரியின் முனை, அதை விரலால் தொட்டு வலப்பக்கம் திரும்பினால் நாலு எட்டில் சாப்பாட்டு மேஜை, அங்கிருந்து நேரே அடுப்பு. எனக்கு முன்னால் போய்க் கதவைத் திறப்பாள். வந்து போன விருந்தாளிகள் பலருக்கு அவளுக்குப் பார்வை இல்லை என்பதே தெரியாது.

அதற்கு எங்கள் வீட்டில் இரண்டு சட்டம். இழுத்த நாற்காலியை எழுந்ததும் உள்ளே தள்ள வேண்டும். கதவு ஒன்று முழுக்கத் திறந்திருக்க வேண்டும், இல்லை முழுக்க மூடியிருக்க வேண்டும். பாதி திறந்த கதவின் விளிம்பு கைக்குத் தட்டுப்படாது, நேரே நெற்றிக்கு வரும். சின்ன வயதில் கதவைப் பாதியில் விட்டதற்கு நானும் அண்ணனும் வாங்கிய குட்டுகளுக்குக் கணக்கே இல்லை. இன்றைக்கும் அச்சகத்தில் யாராவது கதவை அரைகுறையாக விட்டால் எழுந்து போய் மூடிவிட்டு வருவேன். ஏனென்று கேட்டால் பழக்கம் என்பேன்.

ஜோடனைக்காரி நாலு நாள் கேட்டாள். பெயிண்ட் வாடை ஆகாது என்று சொல்லி அம்மாவைச் சித்தி வீட்டில் விட்டோம். வேலை ஆரம்பிக்கும் முன் அவள் எங்களை உட்காரவைத்து, வீட்டைப் பற்றித் தனக்குத் தெரியவேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். சொன்னோம். குளியலறைக் குழாய் சொட்டுவதைச் சொன்னோம், பின்பக்க ஜன்னல் மழைக்கு உப்புவதைச் சொன்னோம், பக்கத்து வீட்டு நாயைக்கூடச் சொன்னோம். அம்மா சனிக்கிழமை திரும்பி வருவாள், ஞாயிறு பத்து மணிக்கு ஆள் வரும்போது நான் அவளை வெளியே கூட்டிப்போய்விடுவேன் என்றும் சொன்னோம். அம்மாவுக்குக் கண் தெரியாது என்பதை மட்டும் சொல்லவில்லை. மறைக்கவில்லை. எங்கள் புத்திக்கே அது எட்டவில்லை. அச்சகத்தில் நான் பிழை திருத்துகிறவள். ஒரு புள்ளி விடுபட்டாலும் என் கண்ணுக்குத் தப்பாது.

சனிக்கிழமை மதியம் வேலை முடிந்துவிட்டது. கல்யாணப் பெண்ணுக்குப் போட்ட வேஷம் மாதிரி வீடு யாருடையதோ ஆகியிருந்தது. சுவர் முழுக்க வெள்ளை. அலமாரி பின்பக்கக் கொட்டகையில். அது இருந்த இடத்தில் ஆளுயரக் கண்ணாடி, அறையைப் பெரிதாகக் காட்டுமாம். நட்டநடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கண்ணாடி மேஜை, அதன்மேல் யாரும் தின்ன முடியாத பிளாஸ்டிக் எலுமிச்சம்பழங்கள் ஒரு கிண்ணம் நிறைய. சாப்பாட்டு மேஜையை ஜன்னலோரம் தள்ளியிருந்தாள். உள்ளறைக் கதவுகளை எல்லாம் பாதி திறந்து வைத்திருந்தாள். உள்ளே என்ன இருக்கிறதென்று எட்டிப்பார்க்கத் தோன்றும் என்றாள். எனக்குக் கை பரபரத்தது. போய் மூடினேன். அவள் சிரித்துக்கொண்டே மறுபடி திறந்துவைத்தாள். நானும் விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் பாருங்கள், அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஐந்து மணிக்கு அண்ணன் அம்மாவைக் காரில் கூட்டிவந்தான். வாசல்வரை கைப்பிடித்து வந்தவள் வழக்கம்போல் அவன் கையை உதறிவிட்டு, கோலை மூலையில் சாய்த்துவிட்டு, வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் வேகமாக நடந்தாள். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம். தோன்றவேயில்லை. முழங்கால் மேஜையில் இடித்தது. தடுமாறி அலமாரியைப் பிடிக்கக் கை நீட்டினாள். அங்கே அலமாரி இல்லை, சுவரோடு ஒட்டிய கண்ணாடி கைக்கு எட்டவில்லை. இரண்டு எட்டு தள்ளிப்போய்ப் பாதி திறந்த கதவின் விளிம்பில் நெற்றி மோதி உட்கார்ந்துவிட்டாள். எலுமிச்சம்பழங்கள் தரையெல்லாம் உருண்டன.

ரத்தம் அதிகமில்லை, துணியை வைத்து அழுத்தியதும் நின்றது. ஜோடனைக்காரிதான் ஓடிவந்து முதலில் பிடித்தாள். அம்மாவின் கண்களை உற்றுப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

"ஏங்க என்கிட்ட சொல்லல?" என்றாள்.

வந்த நாளிலிருந்து அவளைக் கரித்துக்கொட்டியவள் நான். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை.

அம்மாவைச் சோபாவில் உட்காரவைத்தோம். புதுச் சோபாவின் எந்தப் பக்கம் எது இருக்கிறதென்று தெரியாமல் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். கொஞ்சநேரம் கழித்து என்னைக் கூப்பிட்டாள்.

"என்னைக் கொஞ்சம் பாத்ரூம்ல கொண்டுபோய் விடேன்."

எனக்கு நினைவு தெரிந்து அம்மா இந்த வீட்டுக்குள் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை. கூட்டிப்போனேன். ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு மறுகையை முன்னால் நீட்டி, தரையைத் தடவித் தடவிக் கால் வைத்தாள்.

திரும்பி வந்தால் அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கிறான். நாளைக்கு ஆள் வருகிறார்கள், இந்தக் கட்டோடு அம்மா இங்கே இருந்தால் நன்றாக இருக்காது, திரும்பச் சித்தி வீட்டிலேயே விட்டுவிடுகிறேன் என்றான். அதோடு நிறுத்தினானா? புது வீட்டுக்கும் இப்படி விழுந்து எழுந்துதானே பழக வேண்டும், ஒரு வாரத்தில் பழகிவிடுவாள் என்றான்.

என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அச்சில் ஏற்ற முடியாது. கடைசியில் அவன், மாடி வீடு பார்த்தது நீதானே, அங்கே அம்மா எப்படி நடப்பாள் என்று நீ யோசித்தாயா என்று கேட்டான். சுரீரென்றது. நான் யோசிக்கவில்லை. எனக்கு பஸ் மிச்சமாகும் என்பதைத்தான் யோசித்தேன். அவன் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு போனான்.

ஞாயிறு விடிந்ததும் சாமான்களைப் பழைய இடத்தில் வைக்க ஆரம்பித்தேன். ஜோடனைக்காரி யாரும் கூப்பிடாமலேயே ஆறு மணிக்கு வந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அலமாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். உள்ளே கொண்டுவந்துவிட்டோம். எங்கே வைப்பது? நாற்பது வருஷம் கண்ணால் பார்த்த அலமாரி, சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்ததென்று எனக்குத் தெரியவில்லை. அம்மா சோபாவில் உட்கார்ந்தபடியே சொன்னாள். இன்னும் நாலு விரல் ஜன்னல் பக்கம். அதிகம், ஒரு விரல் திருப்பு. இழுபடும் சத்தத்தை வைத்தே சொன்னாள். வைத்து முடித்ததும் எழுந்து வந்து முனையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ம் என்றாள்.

பாதி வேலைகூட முடியவில்லை, அண்ணன் வந்துவிட்டான். அவன் பின்னாலேயே வாங்க வந்த கணவனும் மனைவியும். முன்னறையில் பழைய அலமாரியும் புதுக் கண்ணாடி மேஜையும் சந்தையில் சேர்ந்த கூட்டம் மாதிரி நின்றன. அண்ணன் என்னைப் பார்த்த பார்வைக்குச் சக்தி இருந்திருந்தால் நான் சாம்பல். ஆனாலும் அவர்களுக்கு வீடு பிடித்துவிட்டது, வாங்க வந்த பெண் ஜன்னல் ஜன்னலாகப் போய்ப் பார்த்தாள். கையெழுத்து எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று கணவன் கேட்டார். அண்ணன் அடுத்த வாரமே என்றான்.

அந்தப் பெண் அம்மாவிடம் வந்து, நெற்றியில் என்ன கட்டு என்று அக்கறையாகக் கேட்டாள்.

"எனக்குக் கண்ணு தெரியாதும்மா," என்றாள் அம்மா. "இந்த வீட்டுக்குள்ள இருக்கறவரைக்கும் எனக்கே அது ஞாபகம் வராது. அதனால விக்கல. உங்களை வீணா அலைய வெச்சுட்டோம், தப்பா நினைச்சுக்காதீங்க."

முப்பத்தெட்டு வருஷத்தில் தனக்குக் கண் தெரியாது என்று அம்மா வாயால் நான் கேட்டதில்லை. மருத்துவமனையில்கூட அவள் அப்படிச் சொன்னதில்லை என்பார் அப்பா. முன்பின் தெரியாத இரண்டு பேர் முன்னால் அதைச் சொல்ல வைத்தது பெற்ற பிள்ளைகள் நாங்கள்.

வந்தவர்கள் தயங்கித் தயங்கிப் போனார்கள். அண்ணன் நடு அறையில் முகம் சிவந்து நின்றான். நீயாவது எடுத்துச் சொல்லேன் என்றான் என்னிடம்.

சாப்பாட்டு மேஜையின் அந்தப் பக்கத்தைப் பிடி என்றேன். அவன் நகரவில்லை. அம்மா காத்துக்கொண்டு நிற்கிறாள், பிடிடா என்றேன்.