ஒன்பதாம் எண்ணின் ஐந்தாவது ஃபவுல்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மலேசியாவில், ஈப்போவில் ஒரு சீனச் சங்கத்தின் மண்டபம். பதினாறு வயதுக்குட்பட்ட பெண்களின் கூடைப்பந்து இறுதி ஆட்டம், சனிக்கிழமை மதியம். கோர்ட்டுக்கு வெளியே மேசையில் உட்கார்ந்து ஆட்டத் தாளை எழுதிக்கொண்டிருந்தேன். யார் புள்ளி எடுத்தார்கள், யார் ஃபவுல் செய்தார்கள் என்று நடுவர் காட்டக் காட்டக் குறிப்பது என் வேலை. நடுவர் பெயர் பவித்ரன். கதை அவனைப் பற்றியது, என்னைப் பற்றியது அல்ல என்றுதான் எழுத உட்காரும்போது நினைத்தேன்.

மூன்று முறை தொடங்கினேன்.

‘ஜிங்க் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது பவித்ரன் தன் விசிலை எடுத்து’ (அன்று மழையே இல்லை. கதை எழுத உட்கார்ந்தால் எனக்கு உடனே மழை வந்துவிடுகிறது.)

‘கூடைப்பந்து என்பது ஒருவரை ஒருவர் இடிக்கக் கூடாத ஆட்டம். அதைப் பத்துப் பேர் ஒரே வளையத்துக்கு முட்டிமோதி ஆட வேண்டும்.’ (மோசமில்லை. ஆனால் கட்டுரை வாடை. பிறகு எங்காவது செருகிக்கொள்ளலாம்.)

‘துளசிக்கு அன்று நான்கு ஃபவுல் ஆகியிருந்தது.’

இது இருக்கட்டும்.

2

துளசிக்கு அன்று நான்கு ஃபவுல் ஆகியிருந்தது. ஐந்தாவது விழுந்தால் வெளியே போய் உட்கார வேண்டியதுதான். ஆட்டம் முடிய ஆறு நிமிடம் இருந்தது, அவளுடைய பீடோர் பள்ளி அணி இரண்டு புள்ளி பின்னால் இருந்தது. அணியில் அவள் ஒருத்திதான் தமிழ்ப் பெண். சட்டையில் ஒன்பதாம் எண்.

மேல் வரிசையில் தொப்பி போட்ட ஒருவர் மடியில் நோட்டுடன் உட்கார்ந்திருந்தார். மாநில அணிக்கு ஆள் எடுக்க வந்தவர். ஓர் இடம்தான் மிச்சம் என்று மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும். அது கிடைத்தால் துளசி விளையாட்டுப் பள்ளிக்கும் அதன் விடுதிக்கும் போய்விடலாம். இப்போது அவள் இருப்பது ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை போட்ட தோட்டத்தில், எந்த நேரத்திலும் காலி செய்யச் சொல்லக்கூடிய தொழிலாளர் லயத்து வீட்டில். அப்பா கோகிலன் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். அன்று வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார்.

3

பவித்ரனை நான் சந்தேகப்படுகிறேன். கதையின் பாத்திரமாகச் சொல்கிறேன். முதல் பிரதியில் அவன் ரொம்ப நல்லவனாக வந்துவிட்டான், அடித்துவிட்டேன். இரண்டாவதில் கெட்டவனாக வந்தான், அது சுத்தப் பொய். டயர் கடையில் வேலை. சனி ஞாயிறானால் வீட்டில் தங்காமல் விசிலை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறவன். இந்த மாவட்டத்தில் கூடைப்பந்துக்கு நடுவராக நிற்கிற தமிழர்களை எண்ண ஒரு கை விரல்களே அதிகம்.

இரண்டு வருடத்துக்கு முன் கோலா கங்சாரில் ஓர் ஆட்டம். ஒரு தமிழ்ப் பையன் கை லேசாகப் பட்டதற்கு இவன் ஊதவில்லை. ஊத வேண்டியதும் இல்லை. ஆனால் பார்வையாளர் பக்கமிருந்து ஒருவன் மலாயில் கத்தினான்: “சௌடாரா காவ் கெ?” உன் சொந்தக்காரனா என்று. மண்டபமே சிரித்தது. அதற்குப் பிறகு மூன்று மாதம் இவனை யாரும் ஆட்டத்துக்குக் கூப்பிடவில்லை.

அன்றிலிருந்து தமிழ்ப் பிள்ளைகள் ஆடினால் பவித்ரனின் கண் பூதக்கண்ணாடி ஆகிவிடும். அதைத்தான் அவன் நேர்மை என்று நம்பினான். இந்த இடத்தில் எனக்கு அவன் மேல் கோபம் வருகிறது. கோபத்தோடு எழுதினால் பாத்திரம் செத்துவிடும் என்பார்கள். சாகட்டும், உண்மை அதுதான்.

4

(கட்டுரை வாடையை இங்கே செருகுகிறேன்.)

கூடைப்பந்து பார்க்கிறவர்களின் எரிச்சல் எல்லா ஊரிலும் ஒன்றுதான். முதல் பாதியில் ஊதிய அதே இடியை இரண்டாம் பாதியில் ஊத மாட்டார்கள். பெயர் வாங்கியவள் இடித்தால் வேகம், பெயரில்லாதவள் இடித்தால் ஃபவுல். இந்தப் பக்கம் தவறாக ஊதிவிட்டோம் என்று தோன்றினால் அந்தப் பக்கம் ஒன்றை ஊதிச் சரிக்கட்டுவார்கள். தவறோடு தவறு சேர்ந்தால் நியாயம் ஆகிவிடுமா?

துளசியின் நான்கையும் சொல்கிறேன். முதலாவது சரி. இரண்டாவது எப்படியும் சொல்லலாம். மூன்றாவதும் நான்காவதும் எதிரணி ஏழாம் எண் அன்று நாலைந்து தரம் செய்த அதே இடிதான், அவளுக்கு ஒரு தரம்கூட விசில் வரவில்லை. ஒவ்வொரு முறையும் துளசி வாயைத் திறக்காமல் கையைத் தூக்கினாள். பீடோர் பள்ளியில் அப்படி ஒரு வழக்கம். விசில் தன் மேல் என்றால் கையைத் தூக்கி ஒத்துக்கொள்ள வேண்டும், எதிர்த்துப் பேசினால் பயிற்சியாளர் பெஞ்சில் உட்கார்த்திவிடுவார்.

5

வளையத்துக்குக் கீழே ஏழாம் எண் பந்தோடு எழும்பினாள். கூடவே துளசியும் அவள் அணியின் பன்னிரண்டாம் எண்ணும் எழும்பினார்கள். ஏழாம் எண் கீழே விழுந்தாள். மூவரின் முதுகுக்குப் பின்னால் பவித்ரன் நின்றான், இன்னொரு நடுவர் தூரத்தில். விழுந்தது அவனுக்குத் தெரிந்தது, தள்ளியது யார் என்று தெரியவில்லை. ஊதிவிட்டான்.

ஊதிய பிறகு யாரையாவது காட்டியாக வேண்டும். யார் என்று தேடிய அந்த ஒரு வினாடியில், துளசியின் கை தானாக உயர்ந்தது.

அவனுக்கு அப்பாடா என்றிருந்தது. என் மேசையைப் பார்த்து ஒன்பது என்று விரலால் காட்டினான்.*

துளசி பெஞ்சுக்குப் போய்த் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். மேல் வரிசைத் தொப்பிக்காரர் நோட்டில் பக்கத்தைத் திருப்பினார். பீடோர் பதினோரு புள்ளியில் தோற்றது.

* தள்ளியது பன்னிரண்டாம் எண்ணின் முழங்கை. மேசைக்கு நேர் எதிரே நடந்தது, நான் பார்த்தேன். மேசையில் இருப்பவர் நடுவருக்கு எதிராகப் பேசக் கூடாது என்பது ஒழுங்கு. ஆனால் நான் பேசாததற்கு அது காரணம் இல்லை. நானும் தமிழ். எழுந்து சொல்லியிருந்தால் அந்தச் சொந்தக்காரன் பேச்சு எனக்கும் சேர்ந்து வந்திருக்கும். பயந்தேன். ஒன்பதாம் எண்ணுக்கு நேரே ஐந்தாவது கட்டத்தில் எழுதினேன்.

6

ஆட்டம் முடிந்து பவித்ரன் அவளைத் தேடிப் போனான். மண்டபத்துக்கு வெளியே காலணி மாற்றிக்கொண்டிருந்தாள். நான் தாள்களைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

“ஏன்மா கை தூக்குன? நீயா தள்ளுன?”

“தெரியல அங்கிள். விசில் கேட்டுச்சு, தூக்கிட்டேன்.”

“தொட்டியா இல்லையான்னு கேக்குறேன்.”

அவள் கயிற்றைக் கட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். “நாலு வாட்டியும் நான்தான அங்கிள். இதுவும் நான்தான்னு நெனச்சேன்.”

அதற்குள் கோகிலன் வந்து பவித்ரனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, ஒண்ணு சொல்லணும். நம்ம புள்ளன்னு பாக்காம ஊதுனீங்க பாருங்க, அது பெரிய விஷயம் லா. ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்ல முடியல.”

பவித்ரன் “சரிங்க” என்றான்.

கார் நிறுத்துமிடத்தில் என்னிடம் கேட்டான். “சரளாக்கா, நீங்க மேசையில இருந்தீங்களே. அவதானா அது?”

“அங்கேருந்து சரியா தெரியல தம்பி” என்றேன்.

7

எழுதுகிறவளுக்கு ஒரு சௌகரியம் உண்டு, விசிலைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எடுத்துப் பார்த்தேன்.

ஒரு முடிவில் பவித்ரன் ஊதவே இல்லை. ஏழாம் எண் விழுகிறாள், பந்து துளசியின் கைக்கு வருகிறது, எதிரே ஆளே இல்லை. ஓட வேண்டியதுதான் பாக்கி. துளசி ஓடாமல் நின்று பவித்ரனின் முகத்தைப் பார்க்கிறாள்.

இன்னொன்றில் நான் மேசையிலிருந்து எழுந்து, பன்னிரண்டு என்று சொல்கிறேன். இதைப் பல முறை திருத்தினேன். ஒவ்வொரு முறையும் எழுந்த பிறகு என் வாய்க்கு நல்ல வசனம் கிடைக்கிறது, நான் பெரிய மனுஷி ஆகிவிடுகிறேன். வெட்கமாக இருந்தது, கிழித்துவிட்டேன்.

மூன்றாவதில் அந்த ஆட்டமே இல்லை. ஒரு வருடம் கழித்து வேறு ஊரில், வேறு நடுவரோடு அவள் ஆடுகிறாள். பக்கத்துக் கோர்ட்டில் வேறு யாருக்கோ விசில் அடிக்கிறது. துளசியின்

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.)

அதனால் ஆட்டத் தாளை உங்கள் பக்கம் தள்ளுகிறேன். ஒன்பதாம் எண்ணுக்கு நேரே ஐந்தாவது கட்டத்தை அழித்துவிட்டேன், பேனாவும் அங்கேயே இருக்கிறது. யார் எண்ணை வேண்டுமானாலும் எழுதுங்கள், என் பெயரையே எழுதினாலும் சரி. ஒன்று மட்டும், எழுதும்போது கோர்ட்டை நிமிர்ந்து பார்க்காதீர்கள். நீங்கள் பேனாவை எடுப்பதற்கு முன்பே அவள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.