ஏழு மைக்ரோ வினாடி அவசரம்

விசாரணையன்று ராடார் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். திரைக்கு முன்னால், கைப்பிடி உடைந்து கயிறு கட்டிய நாற்காலியில், விமானங்களுக்கு வழி சொல்லும் அக்கா. அவருக்கு இடப்பக்கம், கடிகாரப் பெட்டியை ஒட்டி, நேரம் பார்க்கும் பொறியாளர். கதவோரம் கோப்புடன் நிலைய அதிகாரி. நான்காமவர் பொறியாளரின் கணவர்; முப்பது கிலோமீட்டர் தள்ளி, சரக்கு விமானத்தின் விமானி இருக்கையில் இருந்தார். அவர் குரல் மட்டும் ஒலிபெருக்கி வழியாக வந்திருந்தது.

மகள் பிறந்த நாளிலிருந்து, அவர் வீடு திரும்பும்போதெல்லாம் அவருடைய விமானத்தின் எதிரொலி, வரவேண்டியதற்கு ஏழு மைக்ரோ வினாடி முன்னதாகவே வந்தது. அனுப்பிய அலைத்துடிப்பு விமானத்தில் பட்டுத் திரும்பும் நேரம்தான் ராடாருக்குத் தூரம். ஒரு மைக்ரோ வினாடி முந்தினால் விமானம் நூற்றைம்பது மீட்டர் கிட்டத்தில் தெரியும். ஏழு முந்தினால் ஒரு கிலோமீட்டர். மற்ற விமானங்கள் எல்லாம் சரியாகவே தெரிந்தன. பொறியாளர் பதினொரு முறை கடிகாரத்தைச் சோதித்தார், வடங்களை மாற்றினார். எட்டு மாதம் ஒன்றும் பலிக்காததால், அக்கா திரையோரம் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டி வைத்தார்: ‘அவசரக்காரருக்கு ஒரு கி.மீ. கூட்டவும்.’ அவர் விடுப்பில் போன நாளில் மாற்றாக வந்தவர், குப்பை என்று அதைக் கிழித்துப் போட்டார். அன்று சரக்கு விமானத்துக்குப் பின்னால் வந்த பயணிகள் விமானத்துக்குத் திரை காட்டிய இடைவெளி ஐந்து கிலோமீட்டர். வானத்தில் இருந்தது நான்கு. ஐந்துக்குக் குறையக் கூடாது என்பது விதி; அதனால்தான் விசாரணை.

கடிகாரம் பிழை என்றால் பொறியாளருக்கு வேலை போகும். விமானம் பிழை என்றால் கணவர் இனிப் பறக்க முடியாது. கையெழுத்துப் போட வேண்டியவர் பொறியாளர்.

“ஏதாவது ஒண்ணச் சொல்லும்மா. ரெண்டும் சரின்னு மேல எழுத முடியாது,” என்றார் அதிகாரி.

“ரெண்டும் சரிதான் சார். பாப்பா தூங்குறதுக்குள்ள வீட்டுக்குப் போயிரணும்னு அவருக்கு.”

“அதுக்கு எதிரொலி ஏன் ஓடி வருது?”

“அந்த மனுஷன் சைக்கிள்ல வந்தாலே அப்படித்தான் சார்,” என்றார் அக்கா. “பெல் சத்தம் வந்து ரெண்டு நிமிஷம் கழிச்சுத்தான் ஆளு வருவாரு.”

பொறியாளர் ஒலிவாங்கியை இழுத்தார். “ஏங்க, பாப்பா இப்பத்தான் தூங்கி எந்திரிச்சா. எட்டு மணி வரைக்கும் முழிச்சிருப்பா. பதறாம வாங்க.”

“நெசமாவா?”

“நெசமாத்தான்.”

திரையில் புள்ளி ஒரு கிலோமீட்டர் பின்னுக்குப் போய் அதன் இடத்தில் உட்கார்ந்தது. அதிகாரி எழுந்து வந்து அளவுகோல் வைத்துப் பார்த்துவிட்டு, புதிய விதி ஒன்றை எழுதினார்: மேற்படி விமானி நாற்பது கிலோமீட்டருக்குள் வரும்போது, குழந்தை விழித்திருப்பதாகத் தெரிவிக்கப்பட வேண்டும். மனைவி விடுப்பில் இருந்தால் அக்கா தெரிவிப்பார்.

குழந்தை பள்ளிக்குப் போன பிறகு வாசகம் ‘வீட்டுப்பாடம் இன்னும் முடிக்கலை’ என்று மாறியது. பிறகு ‘பரீட்சைக்குப் படிச்சிட்டிருக்கா’ என்று மாறியது. எதிரொலி ஒரு முறைகூடப் பிசகவில்லை. பதினான்காம் ஆண்டு, இந்த விதி எதுவரை நீடிக்கும் என்று தலைமையகம் கேட்டது. அதிகாரி பொறியாளரைக் கேட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதினார்: ‘விமானிக்கு வீட்டுக்கு வரும் அவசரம் உள்ளவரை.’ உறையை ஒட்டி, முத்திரை குத்தி, மதியத் தபாலில் சேர்த்தார்.