இடது சைலன்ஸர்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதுவும் பழைய வண்டியில் எவனாவது புது போல்ட்டைப் போட்டுவிட்டு "எல்லாம் ஒண்ணுதான் பாய்" என்றால் போதும், அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்காது. எப்படி எல்லாம் ஒன்றாகும்? ஃபேக்டரியில் எப்படி இறக்கினானோ அப்படியே இருந்தால்தான் அது வண்டி. மற்றதெல்லாம் வேஷம். போன திங்கட்கிழமைவரை இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெயர் முகம்மது இப்ராஹிம். மேலப்பாளையம். ரியாத்தில் ஒரு லாரிப் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் கிடந்துவிட்டு வந்தவன். வந்ததும் பழைய ஃபியட் ஒன்றை வாங்கிப் புதுப்பித்தேன். அந்தக் கார்தான் என்னை ஊரிலுள்ள மற்ற பழைய கார்க்காரர்களோடு சேர்த்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாளையங்கோட்டையில் ஒரு டீக்கடை முன்னால் எங்கள் கார்கள் ஆறேழு நிற்கும். கை காரைத் துடைத்துக்கொண்டிருக்கும். வாய் பைக்கைத்தான் பேசும். கார் நாங்கள் வயசான பிறகு வாங்கியது. பைக் வாலிபத்தில் ஓட்டியது, அல்லது ஓட்ட ஆசைப்பட்டுக் கிடைக்காமல் போனது. அந்த ஏக்கம் லேசில் தீருமா?

எங்களில் கார்த்திகேசன் பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வைத்திருக்கிறார். ஜாவா பைக்கைப் பற்றி ஆரம்பித்தாரென்றால் டீ ஆறி ஆடை கட்டிவிடும். அதே மனுஷன் தினமும் ஓட்டுவது சத்தமே இல்லாத பேட்டரி பைக். பின்னால் வந்து நிற்பதே தெரியாது. திரும்பிப் பார்த்தால் தூக்கிவாரிப் போடும்.

"செருமிக்கிட்டாவது வாரும் வே" என்று ஏசுவேன்.

"உம்ம காதுக்கு ரெஸ்ட்டு குடுக்கேன் பாய்" என்பார்.

என்னுடைய ஆசை யெஸ்டி பைக். கல்யாணமான புதிதில் வாங்குவதாக இருந்தேன். விசா முந்திக்கொண்டது. மூன்று வருடத்துக்கு முன்புதான் ஒன்று கையில் கிடைத்தது.

கூடங்குளத்துக்குப் பக்கத்தில் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே போட் எஞ்சின் மெக்கானிக்காக இருந்த ரேமண்ட் இறந்துபோய், அவருடைய வண்டி சும்மா நிற்பதாகக் கேள்விப்பட்டு நானும் கார்த்திகேசனும் போனோம். உப்புக்காற்று பாதி தின்ற வண்டி. இடது சைலன்ஸரில் ஒரு ஓட்டை. அதன்மேல் தகரத் துண்டு ஒன்றை வைத்துக் கட்டுக்கம்பியால் சுற்றியிருந்தார்கள். ரேமண்டின் மனைவி கிரேஸிக்கு அறுபது வயது இருக்கும். வண்டியைத் தருவதற்கு ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்.

"சரி பண்ணி முடிச்சதும் ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, இந்தத் தெருவுல ஓட்டிட்டு வாங்க பாய். நிக்கக்கூட வேண்டாம். அது வந்தாப் போதும்."

வாக்குக் கொடுத்தேன். அன்றைக்கே அதை மேலப்பாளையம்வரை ஓட்டி வந்தேன். யா அல்லாஹ், என்ன சத்தம்! எஞ்சின் டப்டப்பென்று ஓட, கூடவே டப்பாவுக்குள் ஆணியைப் போட்டுக் குலுக்குவது போல அந்தத் தகரம் வழி முழுக்கக் கதறியது. பின்னால் காரில் வந்த கார்த்திகேசன் ஃபோனில் படம் பிடித்துக்கொண்டே சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சைலன்ஸரைத் தகரத்தோடு கழற்றிப் பழைய இரும்புக்காரன் சாக்கில் எறிந்தேன். சந்தோஷமாகத்தான் எறிந்தேன்.

மூன்று வருடம் அந்த வண்டியோடு மல்லுக்கட்டினேன். மைசூரில் ஒரு பழைய கடைக்காரரைப் பதினோரு மாதம் நச்சரித்து, பெட்டி பிரிக்காத அசல் சைலன்ஸர் ஒரு ஜோடி வாங்கினேன். இன்னொரு ஜோடி அவரிடமும் இல்லை, எனக்குத் தெரிந்த எவரிடமும் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை பாபநாசத்தில் பழைய வண்டிக்காரர்கள் கூடுகிறோம். மதுரையிலிருந்து ஒருவர் வந்து எது அசல் என்று பார்த்துப் பரிசு கொடுக்கிறார். பரிசு எனக்குத்தான் என்று கார்த்திகேசனே ஒத்துக்கொண்டுவிட்டார். அவர் வாயிலிருந்து அது வருவது லேசுப்பட்ட காரியமில்லை.

அந்த நேரத்தில்தான் கிரேஸி ஃபோன் செய்தார். மகள் ஜாய்சி அயர்லாந்தில் நர்ஸாக இருக்கிறாள், அம்மாவைத் தன்னோடு வரச் சொல்லிவிட்டாள், வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறார்.

"சனிக்கிழம காலையில கெளம்புதேன் பாய். இனி இங்க வருவனோ என்னவோ. வண்டி முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டும்மா. திங்கக்கிழம கொண்டு வாரேன்" என்றேன் பெருமையாக.

திங்கட்கிழமை போனேன். அந்த ஊர் எல்லையில் சிலுவை நட்ட ஒரு குருசடி இருக்கிறது. அங்கே திரும்பினால் நேராக கிரேஸியின் தெரு. வண்டி வெண்ணெயில் போவது போல் போனது. வீட்டின் கம்பிக்கதவு சாத்தியிருந்தது. ஹாரன் அடித்தேன். இரண்டாம் தரம் அடித்த பிறகுதான், "யாரு?" என்று கேட்டுக்கொண்டே கிரேஸி வந்தார். என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

"இதா அவுக வண்டி?"

"அதேதாம்மா. எஞ்சின் நம்பர், சேஸ் நம்பர் எல்லாம் அதே" என்று ஆரம்பித்து, பெயின்ட் முதல் பெடல் ரப்பர் வரை கால் மணி நேரம் அளந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "கல்யாண மாப்பிள்ள கணக்கா நிக்கி பாய்" என்றார். வண்டியைத் தொடவில்லை. கொஞ்சம் கழித்து இடது பக்கமாகக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அந்தத் தகரம் எங்க?"

"அதத் தூக்கி அன்னைக்கே பழைய இரும்புல போட்டாச்சும்மா" என்றேன். சிரித்துக்கொண்டு வேறு சொன்னேன், என் வாயில் மண்ணைப் போட.

கிரேஸி கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவுக எங்கெங்கயோ போட்டு எஞ்சின் வேலைக்குப் போவாக. எப்ப வருவாகன்னு அவுகளுக்கே தெரியாது. குருசடியில திரும்பையில அந்தத் தகரச் சத்தம் வரும். நான் ஓடியாந்து இந்தக் கதவ ரெண்டு பக்கமும் தெறந்து போட்டுட்டு, ஒண்ணுந்தெரியாதவ மாதிரி அடுப்படிக்குப் போயிருவேன். காத்துக் கெடந்தேன்னு தெரிஞ்சா அந்த மனுசனுக்குத் தலக்கனம் ஏறிரும்லா?" லேசாகச் சிரித்தார். "மெக்கானிக்குதான, அதச் சரி பண்ணக் கூடாதாம்பேன். சரி பண்ணிட்டா கதவ யாரு தெறப்பாம்பாக."

நான் குனிந்து அந்த இடது சைலன்ஸரைப் பார்த்தேன்.

"மூணு வருசமா அந்தச் சத்தத்துக்குத்தான் இருந்தேன் பாய். இன்னைக்கு நீங்க குருசடியில திரும்புனது எனக்குத் தெரியவே இல்ல." உடனே சுதாரித்துக்கொண்டு, "வெயில்ல வந்திருக்கீய. டீ போடட்டா?" என்றார்.

டீ குடிக்காமல் திரும்பினேன். வழியெல்லாம் கோபம். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ஆபிதா பீவியிடம் நடந்ததை எல்லாம் கொட்டிவிட்டு, "மூணு வருசம் முதுகு ஒடிய வேல பாத்திருக்கேன். ஒலகத்துல எவளாவது ஓட்ட சைலன்ஸருக்கு ஏங்குவாளா?" என்று கத்தினேன்.

ஆபிதா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"நான் ஏங்குவேன்" என்றாள். "இருவத்திரெண்டு வருசம். ரெண்டு வருசத்துக்கு ஒருக்க திருவனந்தபுரத்துலருந்து டாக்ஸில வந்தீய. ஒவ்வொரு தடவையும் வேற டாக்ஸி. நான் எந்தச் சத்தத்துக்குக் காத வச்சிக்கிட்டு இருக்க? தெருவுல போற காருக்கெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்தேன். அந்தப் பொம்பளைக்கு ஒரு சத்தமாவது இருந்துது. அதயும் இரும்புக்காரன்ட்ட போட்டுட்டு வந்து நிக்கீய."

முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவள் இதைச் சொன்னதே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. என் மேலேயே எரிச்சலாக வந்தது. அன்றிரவு அவள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

மறுநாள் இரும்புக்காரனைத் தேடிப் போனேன். "எப்பவோ உருக்கியாச்சு பாய்" என்றான். டவுணில் ஒரு டூப்ளிகேட் சைலன்ஸர் வாங்கி அதில் ஓட்டை போட்டுப் பார்த்தேன். பூனை தும்முவது போல இருந்தது. ரேமண்டின் சைலன்ஸர் ஓட்டை ஆனாலும் அசல்; அந்தச் சத்தம் அசலில்தான் வரும். இந்த அசல் பைத்தியம் என் காலையே சுற்றிவிட்டது.

வியாழக்கிழமை கார்த்திகேசனை வரச் சொன்னேன். மூன்று வருடத்துக்கு முன் எடுத்த வீடியோவை நல்லவேளை அவர் அழிக்கவில்லை. டிரில்லை எடுத்துக்கொண்டு மைசூர் சைலன்ஸர் முன்னால் நான் உட்கார்ந்ததும் அவர் பதறிப்போனார்.

"கிறுக்கு புடிச்சிட்டா வே? ஞாயித்துக்கிழம போட்டி!"

"போனாப் போவுது."

"இது இனிமே கெடைக்காது பாய்."

"அந்தம்மாவும் சனிக்கிழமைக்கு மேல கெடைக்காது. போன்ல சத்தத்தக் கூட்டி வையும்."

டிரில் இறங்கும்போது என் பல் கூசியது. உண்மையைச் சொன்னால் கண்ணிலும் தண்ணீர் வந்தது. கார்த்திகேசன் பார்க்காதது போல் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஓட்டை சரியாக வந்தது. தகரம்தான் வம்பு செய்தது. பிஸ்கட் டின்னை வெட்டிக் கட்டினோம். "ஊஹூம், சத்தம் கட்டையா இருக்கு" என்றார். எண்ணெய் டின்னை வெட்டினோம். "இது கிறீச்சுங்கு" என்றார். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். முற்றத்தில் தகரமாகக் கிடந்தது.

ஆபிதா உள்ளேயிருந்து வந்து ஒரு டப்பாவை நீட்டினாள். நான் முதல் தடவை ரியாத்திலிருந்து வந்தபோது கொண்டுவந்த பால்மாவு டப்பா. இத்தனை வருடமும் அதில்தான் பட்டையும் கிராம்பும் போட்டு வைத்திருந்தாள்.

"இத வெட்டுங்க" என்றாள்.

"இதயா?"

"டப்பாதான. வெட்டுங்க."

வெட்டிக் கட்டினேன். கிக்கரை உதைத்தேன். கார்த்திகேசன் ஃபோனை நிறுத்திவிட்டுக் கேட்டார், மறுபடி ஃபோனைப் போட்டுக் கேட்டார். என் தோளைப் பிடித்து அமுக்கினார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கிளம்பினேன். நாங்குநேரியில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். வள்ளியூரில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி ஏசினார். சரி சரி என்று கேட்டுக்கொண்டேன். எனக்குக் கோபமே வரவில்லை. காற்றாலைகளைத் தாண்டியபோது வெயில் சாய்ந்திருந்தது. குருசடியில் திரும்பும்போது, இது சரியாக வரவேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். நான் வருவதாக கிரேஸியிடம் சொல்லவில்லை.

தெரு நீளத்துக்கும் அந்தத் தகரம் கதறியது. பாதித் தெரு வந்தபோதே தெரிந்துவிட்டது. கம்பிக்கதவு இரண்டு பக்கமும் திறந்து கிடந்தது.

வாசலில் ஒருவரும் இல்லை.

கதவுக்கு முன்னால் எஞ்சினை அணைத்தேன். உள்ளே கட்டி வைத்த பெட்டிகள் தெரிந்தன. அடுப்படிப் பக்கம் ஒரு பாத்திரம் வேண்டுமென்றே உருட்டியது போல் சத்தம் வந்தது. பிறகு கிரேஸியின் குரல், கொஞ்சம் கோபமாக, கொஞ்சம் நடுக்கமாக:

"இம்புட்டு நேரமா? கொழம்பு ஆறிப்போச்சு."

பதில் சொல்லவேண்டியவன் நான் இல்லை. உள்ளே போகவேண்டியவனும் நான் இல்லை. அவர் வெளியே வரவில்லை. வரமாட்டார் என்று எனக்கும் தெரிந்தது. வந்தால் ஒரு மேலப்பாளையத்துக் கிழவன்தானே நின்றுகொண்டிருப்பான்?

வண்டியைப் பையத் திருப்பினேன். கிக்கரை உதைக்கவில்லை. கிளம்பும் சத்தம் அந்த வீட்டுக்குக் கேட்கக் கூடாது. வந்த சத்தம் மட்டும் அவரிடம் இருக்கட்டும். அறுபத்து மூன்று வயதில் அத்தனை கனமான வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். குருசடிவரை தள்ளினேன். அதற்கப்புறமும் மணலில் செருப்புப் புதையப் புதைய முதல் காற்றாலைவரை தள்ளினேன். சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. அங்கே போய்த்தான் ஸ்டார்ட் செய்தேன்.

மேலப்பாளையம் வந்து சேரும்போது மஃரிப் தொழுகை நேரம் தாண்டிவிட்டது. வாய்க்கால் பாலத்தில் ஏறி எங்கள் தெருவுக்குள் திரும்பினேன். தெருப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வீட்டுக்கு முன்னால் வந்து பார்த்தால், எப்போதும் தாழ் போட்டிருக்கும் எங்கள் வீட்டுக் கதவு இரண்டு பக்கமும் அகலத் திறந்திருந்தது.

வாசலில் ஒருவரும் இல்லை.

வண்டியை நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன். ஆபிதா அடுப்படியிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"ஓ, நீங்களா? யாரோன்னுல்லா நெனச்சேன்" என்றாள்.

முன்கூடத்துப் பெஞ்சில் எனக்கு ஊற்றி வைத்த டீயில் ஆவி பறந்துகொண்டிருந்தது.