கொடியில் கிடந்த சாரம்

புருசன் றெனால்ட் போய் இரண்டு வருசமாகியும் சனிக்கிழமை தவறாமல் அவன் இடுப்பில் கட்டின நீலக்கட்டச் சாரத்தைத் தோய்த்து, தெருப்பக்கக் கொடியில் போடுவதை றெபேக்கா விடவில்லை. கட்டினவன் வந்து போகிறான் என்று தலைமன்னார்ச் சனம் நினைக்கட்டும். விடத்தல்தீவு மதுஷிகாவோடு அவன் ஒரேயடியாய்ப் போய்விட்டதை அவள் அரசாங்கக் கந்தோர்ப் படிவத்துக்கு மட்டுமே சொல்லியிருந்தாள். அதனால் வந்த அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப்பணத்தில்தான் வீட்டு அரிசியும் மகளின் ரியூசனும்.

அந்தச் சாரத்தைப் பார்த்து யாரோ கந்தோருக்குப் பெட்டிசம் எழுதிப் போட்டுவிட்டார்கள். புருசன் விட்டிட்டான் என்று பொய் சொல்லிக் காசெடுக்கிறாள், வீட்டில் ஆம்பிளை இருக்கிறான் என்று. விசாரிக்க இர்ஷானா என்ற இளம் உத்தியோகத்தர் கையில் டெப் கணினியோடு வந்தாள். வாசல் செருப்புகளைப் பார்த்தாள். போன் யார் பேரில், கரண்ட் பில் யார் பேரில் என்று கேட்டுக் கேட்டுப் பதிந்தாள். பிறகு கொடியைக் காட்டினாள்.

"தரை துடைக்கிற துணி, மிஸ்."

"தரை துடைக்கிற துணிக்கோ அக்கா, இப்பிடி ரெண்டு பக்கமும் கிளிப் குத்தி வைச்சிருக்கிறியள்?"

பயப்பட வேண்டாம் என்றாள் இர்ஷானா. றெனால்டின் அடையாள அட்டை நம்பரை டெப்பில் அடித்தால் அவன் விடத்தல்தீவு வீட்டுக்காரனாகவே பதிவில் விழுகிறானாம். அவன் இங்கே இல்லை என்று ஒப்பம் வைத்தால் போதும், காசு தொடர்ந்து வரும். நம்பாவிட்டால் பாருங்கோ என்று திரையைத் திருப்பினாள்.

அந்த வீட்டின் படம். முற்றத்துக் கொடியில், மடுத் திருவிழாவுக்கு றெபேக்கா வாங்கிக் கொடுத்த மஞ்சள் சேட்டு. அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு பூப்போட்ட நைற்றி.

அவள் கண் அந்த நைற்றியை விட்டு எழும்பவில்லை.

"ஒராள் ரெண்டு வீட்டில இருக்கேலுமோ, மிஸ்?"

"ஏலாது. இஞ்ச எண்டால் அங்க பேர் வெட்டுப்படும், அவையின்ர காசும் நிக்கும். ஆனா உங்கட காசும் நிண்டிடும்."

"அவர் இஞ்சதான் இருக்கிறார். எழுதுங்கோ."

"யோசிச்சுச் சொல்லுங்கோ அக்கா. பிள்ளை இருக்கு."

"ஓம். பிள்ளைக்குத் தேப்பனும் இருக்கிறார். எழுதுங்கோ."

இர்ஷானா பெருமூச்சு விட்டாள். அப்படியென்றால் அத்தாட்சிக்குச் சாரத்தைப் படமெடுக்க வேண்டும் என்று டெப்பைத் தூக்கினாள்.

"கொஞ்சம் பொறுங்கோ" என்று உள்ளே ஓடிய றெபேக்கா, தன் நைற்றியைக் கொண்டுவந்து, சாரத்தோடு முட்டக் கொடியில் போட்டுக் கிளிப் குத்தினாள்.

"இப்ப எடுங்கோ."